நிறுத்தியதற்கும் கால் கழுவியதற்கும் நடுவில்

செல்ப் சுற்றுகிறது, இஞ்சின் பிடிக்கவில்லை. பூதலிங்கம் சாவியை விட்டுவிட்டு ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோளாறு வண்டியில்தான், நம்மிடம் இல்லை என்று ஒரு நினைப்பு தானாக வந்தது. வந்த பிறகு, இது ஏன் வந்தது என்று அவருக்கே எரிச்சலாக இருந்தது. வண்டி கிளம்பவில்லை என்றால் கோளாறு வண்டியில் இல்லாமல் வேலிப் படலிலா இருக்கும்? மறுபடியும் திருப்பினார். கர்ர் கர்ர் என்று திடமான சுற்று. பேட்டரியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். சோக்கைப் பாதி இழுத்து, ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து, மனசுக்குள் குற்றாலநாதரை ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுத் திருப்பினார். சுற்றியது, சுற்றியது, ஒரு இருமல்கூட இல்லை. அதுதான் அவரை உறுத்தியது. வயசான அம்பாசடர் என்றால் இருமும், துப்பும், ஒரு தடவை பிடித்து உதறிவிட்டு நிற்கும்; ஏதாவது ஒரு பதில் சொல்லும். கிலோமீட்டர் எண் எத்தனையோ தடவை கடைசி வரை ஓடி மறுபடி பூஜ்யத்துக்கு வந்து, இனி எண்ணிப் பிரயோஜனம் இல்லை என்று அவரே விட்டுவிட்ட வண்டி. அது இன்று வாயே திறக்கவில்லை. குற்றாலம் டாக்சி ஸ்டாண்டில் பழம் தின்று கொட்டை போட்ட மனிதர் அவர். சீசன் கூட்டத்தில் அடுத்தவன் வண்டி கிளம்பாவிட்டால், உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, "ஏல, பிளக்கைக் கழத்தித் துடை, பெட்ரோல்ல முங்கிக் கெடக்கு" என்று சொன்னவர். காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. சாரல் காலமாக இருந்தால் ஈரத்தின் மேல் பழியைப் போடலாம். இது சித்திரை, காலையிலேயே தகரக் கொட்டகை கொதிக்கிறது. நேற்றுச் சாயங்காலம் தென்காசி வரை போய்ப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்த வண்டி. பூ மாதிரி ஓடிய வண்டி. ராத்திரி இந்தக் கொட்டகைக்குள் நின்றதைத் தவிர அது ஒரு பாவமும் செய்யவில்லை.

இன்றைக்கென்று பார்த்து இப்படி நிற்கிறதே. இன்று திருநெல்வேலிக்குப் போக வேண்டும். மகள் பிரேமா அங்கே ஒரு நரம்பு டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறாள். "சும்மா ஒரு செக்கப்புதாம்ப்பா" என்றாள். மூளை என்று அவள் சொல்லவில்லை, மறதி என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு வார்த்தையையும் சுற்றி, கோலத்தை மிதிக்காமல் நடக்கிற மாதிரி நடந்துவிட்டுப் போனை வைத்தாள். "மாமா, நான் கார் கொண்டாந்து கூட்டிட்டுப் போயிருதேன்" என்றார் மருமகன். அப்போதுதான் பூதலிங்கம் ஒரே பிடியாகப் பிடித்தார்: வருகிறேன், ஆனால் என் வண்டியில், நானே ஓட்டிக்கொண்டு. பாவூர்ச்சத்திரம், ஆலங்குளம் தாண்டி, ஜங்ஷன் நெரிசலுக்குள் புகுந்து புறப்பட்டு, ஆஸ்பத்திரி வாசலில் கோடு போட்ட இடத்துக்குள் வண்டியைக் கொண்டுபோய்ப் பொருத்துகிறவனைப் பார்த்து, உனக்கு என்ன வியாதி என்று எந்த டாக்டர் கேட்க முடியும்? உள்ளே போனதும் சாவியை மேஜை மேல் வைக்க வேண்டும். கேள்வி கேட்கிற முன்னாலேயே பதில் மேஜை மேல் கிடக்க வேண்டும். ஒரு மாசமாக அவர் மனசுக்குள் அந்தச் சாவியை வைத்து வைத்துப் பார்த்திருக்கிறார், அது மேஜைக் கண்ணாடியில் டக்கென்று விழுகிற சத்தம்கூட அவருக்குப் பழகிவிட்டது. மருமகன் மரியாதை தெரிந்தவர், "சரி மாமா, நீங்க முன்னால போங்க, நான் ஒரு துணைக்குப் பின்னால வாரேன்" என்று சொல்லிவிட்டார். விடிந்ததும் கிளம்பிவிட்டாராம். அவர் இங்கே வந்து சேரும்போது இந்த வண்டி உறுமிக்கொண்டு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பின் கதவைத் திறந்து, "ஏறுங்க மாமா" என்பார், நோயாளியை ஏற்றுகிற மாதிரி தலை இடிக்காமல் கையை வைத்துப் பிடிப்பார், அப்புறம் டாக்டர் எதற்கு, அந்தக் கையே போதும், எல்லாம் முடிந்தது.

இத்தனையும் அந்தப் புளியரையால் வந்தது. போன மாசம் கடையநல்லூரில் ஒரு கல்யாணம். சாப்பிட்டு, தாம்பூலப் பை வாங்கி, குழல்வாய்மொழியை ஏற்றிக்கொண்டு திரும்பினார். குழல்வாய்மொழி அவருடைய சம்சாரம். குற்றாலத்து அம்மன் பெயர், கட்டிய நாளிலிருந்து அவர் வாயில் குழலி. தென்காசி வந்தது தெரியும். வீடு இருக்கிற மேலகரத்துக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்ததும் தெரியும், அங்கே ஒரு லாரி வழியை மறித்துக்கொண்டு நின்றதும் தெரியும். அதற்குப் பிறகு மரங்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் மரங்கள், முகத்தில் குளுகுளுவென்று காற்று, மலை கிட்டத்தில் வந்து நின்றுகொண்டிருந்தது, எதிரே புளியரை செக்போஸ்டில் கேரளாவுக்குப் போகிற லாரிகள் வரிசையாக நின்றன. பிரேக்கை மிதித்தார். வழி தவறியது பெரிதில்லை, வழி தவறாத டிரைவர் யார். வீடு எந்தப் பக்கம் என்பதே அந்த நேரத்தில் மனசுக்குள் இல்லை; கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது உள்ளே. பக்கத்தில் குழலி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காத்து நல்லா வருது, என்ன?" என்றாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு அவர் கரையேறினார். "சும்மா ஒரு சுத்துச் சுத்திட்டுப் போவோம்னு வந்தேன்" என்றார். "நல்லதுதான்" என்றாள். அன்று இரவு பிரேமா போனில், "ஏம்மா இவ்வளவு நேரம், எங்க போனீங்க?" என்று குடைந்தபோது, குழலி சட்டென்று, "நாந்தாம்ளா புளியரைக்குப் போவோம்னு சொன்னேன், பலாப்பழம் வாங்க" என்றாள். அவர் உள் அறையில் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். பலாப்பழம் என்றால் அவளுக்கு ஆகாது, வாடை வந்தாலே தலைவலி வந்து துணியைக் கட்டிக்கொண்டு படுப்பாள். பெற்ற மகளுக்கு அது தெரியாதா? பொய் சொல்லிப் பழகாதவள் பொய் சொன்னால் இப்படித்தான், வாயில் முதலில் வருகிற பழத்தைச் சொல்லி மாட்டிக்கொள்வாள். மகள் ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டு, மறுநாள் டாக்டரைப் பிடித்துவிட்டாள். அவருக்கு மகள் மேல் வந்த கோபத்தைவிடக் குழலி மேல் வந்த கோபம் அதிகம். இவளை யார் பொய் சொல்லச் சொன்னது? மறைக்க ஏதோ இருக்கிறது என்றுதானே கேட்பவர்கள் நினைப்பார்கள்?

சரி, அது கிடக்கட்டும். இறங்கிப்போய் பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்தார். கோட்டைக் கதவு மாதிரி கனம். முன்பெல்லாம் ஒரு கையால் தூக்குவார், இப்போது நெஞ்சைக் கொடுத்துத் தூக்க வேண்டியிருக்கிறது. காரணம் இல்லாமல் வண்டி நிற்காது, அது அவருடைய வேதம். வண்டிக்குப் பொய் தெரியாது, கோபதாபம் கிடையாது. கரண்டு, பெட்ரோல், காற்று, மூன்றும் வந்தால் ஓடும், ஒன்று வராவிட்டால் நிற்கும். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் கோளாறு எங்கே ஓடும், ஒரு மூலையில் அகப்பட்டுத்தான் தீர வேண்டும். அவசரப்பட்டுக் கண்டதைக் கழற்றிப் போடுகிறவனை அவர் மெக்கானிக் என்று சொல்ல மாட்டார். முதலில் பெட்ரோல். கார்புரேட்டருக்கு வருகிற குழாயைக் கழற்றிப் பம்பை அடித்தார், பீச்சியது. காற்று. ஏர் கிளீனரைத் திறந்து தட்டினார், ஊதினார், மூடினார். அப்புறம் கார்புரேட்டர் குழாயைக் கழற்றப் போனார். ஸ்பேனர் பாதியில் நின்றது. இதை இப்போதுதானே பார்த்தோம்? பார்த்தோமா, பார்க்க வேண்டும் என்று நினைத்தோமா? விரலை மூக்குக்குக் கொண்டுபோனார். பெட்ரோல் வாடை. பார்த்திருக்கிறோம். இது எல்லாருக்கும் வருவதுதான். அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று ஊரில் பாதிப் பேர் நடுவழியில் திரும்பி வருகிறார்கள். ஆனாலும் தன் கை செய்ததைத் தன் மூக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டி வந்துவிட்டதே. வெயில் கழுத்தில் ஊர்ந்தது. சரி, சோதித்துப் பார்ப்போம், டாக்டர் என்ன கேட்கப்போகிறார், நேற்று என்ன செய்தீர்கள் என்பார், சொல்லுவோம். நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து கேப்பைத் திறந்தோம். இஞ்சின் பக்கவாட்டில் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு கருப்பு மூடி, அதற்குள்ளிருந்துதான் நாலு பிளக்குக்கும் கரண்டு பிரிந்து போகிறது. பாயிண்டைத் தேய்த்து, உள்ளே ஊதி, மூடினோம். இரண்டு பக்கமும் கிளிப் புதுசு, முரட்டுக் கிளிப், நெம்பினால் மூடி விரிசல் விடும், பெருவிரலால் அழுத்தித்தான் எடுக்க வேண்டும். நகக்கண் இன்னும் வலிக்கிறது. அப்புறம் குழலியோடு தென்காசி. பங்கில் மஞ்சள் சட்டை போட்ட பெண், "பூஜ்யம் பாத்துக்கோங்க சார்" என்றது. திரும்பும்போது வாழைத்தார் ஏற்றின ஆட்டோ குறுக்கே வந்தது, திட்டினோம். குழலி பிச்சிப்பூ வாங்கினாள். வீட்டுக்கு வந்து ரிவர்ஸில் கொட்டகைக்குள் விட்டோம், முருங்கைக் கொப்பு கண்ணாடியில் உரசியது. வண்டியை நிறுத்தினோம். கால் கழுவினோம். ஒன்று விடாமல் இருக்கிறதே, இதற்கு மேல் என்ன? வண்டியை நிறுத்தினோம், கால் கழுவினோம். நடுவில்? நடுவில் என்ன இருக்கிறது, நிறுத்தினால் இறங்க வேண்டியது, இறங்கினால் கால் கழுவ வேண்டியது. ஆனால் வண்டியை விடும்போது வெயில் இருந்தது. கால் கழுவும்போது குழலி விளக்கு ஏற்றிவிட்டிருந்தாள். அவ்வளவு நேரம் கொட்டகைக்குள் என்ன செய்தோம்? கண்ணாடி துடைத்திருப்போம். அப்படித்தான் இருக்கும். கண்ணாடியைப் பார்த்தார். முருங்கைப் பூவும் தூசியும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன.

"என்னங்க, காப்பி ஆறி ஆடை கட்டிட்டு. இன்னுமா?" குழலி படியில் நின்றுகொண்டிருந்தாள். தலையில் நேற்றைய பிச்சி வாடித் தொங்கியது. புறப்படுகிற சேலை கட்டியாகிவிட்டது. வலது கையை இடுப்பில் முந்தானைச் சொருகலுக்குள் வைத்திருந்தாள்; வாதம் கண்ட விரல், காலையில் எழுந்ததும் மடங்காது, இப்படித்தான் எங்கேயாவது சூட்டில் பொத்தி வைத்துக்கொள்வாள். காப்பித்தூள் டப்பா மூடியைக்கூட இன்று அவர்தான் திறந்து கொடுத்தார். "இதுல வந்து உக்காரு" என்றார் அவர், டிரைவர் சீட்டைக் காட்டி. அவள் நகரவில்லை. கல்யாணமான நாள் முதல் இடது பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வந்தவள், ஸ்டியரிங் பக்கம் தூசு தட்டக்கூட அவள் போனதில்லை. "நானா?" என்றாள். "ஓட்டச் சொல்லலைளா. நான் சொல்லுதப்ப சாவியைத் திருப்பு, விடுன்னா விடு, அவ்வளவுதான்." ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் சாவியைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு இஞ்சின் மேல் கிடத்தினார். கரண்டு வந்தால் நுனியில் பொறி தெரியும். "திருப்பு." திருப்பினாள், வலியில் பல்லைக் கடிக்கிற சத்தம் அவருக்குக் கேட்டது. பொறி இல்லை. "இன்னொரு தடவை." இல்லை. ஆஹா, அகப்பட்டது என்று அவருக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. பெட்ரோல் இருக்கு, காற்று இருக்கு, கரண்டு இல்லை. பாதிக் கோளாறு பிடிபட்ட மாதிரிதான். குழலி சீட்டிலிருந்தே எட்டிப் பார்த்தாள். "விட்டுத் தள்ளுங்களேன். மருமகன்தான் வண்டியோட வாராருல்லா. வந்து பாத்துக்கிடலாம்." "வந்து என்னத்தப் பாக்க? நான் என்ன கட்டைல போயிட்டனா?" என்று அவர் பாய்ந்தார். பாய்ந்த பிறகு கஷ்டமாக இருந்தது. அவள் சாவியை விடாமல், அவர் கை அடுத்து எங்கே போகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து, கரண்டு கிளம்புகிற காயிலிலிருந்து கேப்புக்கு வருகிற பெரிய வயரைப் பிடுங்கி, அதன் நுனியை இஞ்சின் பக்கத்தில் பிடித்தார். "திருப்பு." டக், டக், டக் என்று நீலமாகப் பொறி குதித்தது. இப்படிக் குதித்தால் வேறு நேரமாக இருந்தால் சீட்டி அடித்திருப்பார். இப்போது அடிக்கவில்லை. கேப்பு வரைக்கும் கரண்டு நன்றாக வருகிறது. கேப்பைத் தாண்டி பிளக்குக்குப் போகவில்லை. வரிசையாகப் பார்த்தால் கோளாறு ஒரு மூலையில் அகப்படும் என்று சொன்னவர் அவர்தான், அந்த மூலை இதுதான். ஆனால் இந்த மூலை நேற்று மத்தியானம் தன் கையால் திறந்து, சுத்தம் செய்து, மூடிய மூலை. அதற்குப் பிறகு தென்காசி போய் வந்த மூலை. இதற்குள் ஒன்றும் இருக்க முடியாது. கை கிளிப்புக்குப் போகாமல் வயரை மறுபடி துடைத்தது, துடைத்த வயரையே துடைத்தது. தான் ஏன் இதைத் திறக்கப் பயப்படுகிறோம் என்று அவருக்குப் புரியவில்லை. காலையில் சாவியைத் திருப்பினதும், கோளாறு நம்மிடம் இல்லை என்று ஒரு நினைப்பு வந்ததே, அது எங்கிருந்து வந்தது? மனசுக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் மனசு சொல்லிவிடுமா? "அடுத்து எதத் திறப்பிய?" என்றாள் குழலி. இஞ்சினைப் பற்றி இதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை அவள். "கேப்பை" என்றார். "சரி" என்றாள், மெதுவாக. கதவைத் திறந்து இறங்குகிற சத்தம் கேட்டது. அவர் பெருவிரலைக் கொடுத்து அழுத்தினார். ஒரு கிளிப் விட்டது. நகக்கண் சுரீரென்றது. இன்னொன்றும் விட்டது. மூடியைத் தூக்கினார். உள்ளே நடுத் தண்டு மொட்டையாக நின்றது. ரோட்டர் இல்லை.

கட்டைவிரல் அளவு சாமான். தண்டின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்துகொண்டு, சுற்றிச் சுற்றி நாலு பிளக்குக்கும் கரண்டைப் பங்கு வைக்கிறது அதுதான். அது இல்லாவிட்டால் எட்டு ஊர் மெக்கானிக் வந்தாலும் வண்டி அசையாது. அதனால்தான் ஸ்டாண்டில் எல்லா டிரைவரும் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அருவிக்குக் குளிக்கப் போவார்கள். பூட்டை உடைக்கிற கள்ளனுக்கு ரோட்டர் எங்கே கிடைக்கும்? ரோட்டர் விழாது, உதிராது, அதுவாக நடந்து போகாது. யாராவது கிளிப்பை அழுத்தி, மூடியைத் திறந்து, பிடித்து இழுத்தால்தான் வரும். திருடனா? நாலு டயரையும் பேட்டரியையும் விட்டுவிட்டு ரோட்டரை எடுத்து, மூடியை ஒழுங்காக மாட்டிவிட்டுப் போகிற திருடன் எந்த ஊரில் இருக்கிறான்? வண்டியை நிறுத்தினோம். கால் கழுவினோம். நடுவில். மட்கார்டைப் பிடித்துக்கொண்டார், சுட்டது, கையை எடுக்கவில்லை. சொந்த வீட்டுக் கொட்டகையில், பூட்டின கேட்டுக்குள், குற்றாலத்து அருவிக்கரையில் நிறுத்தின மாதிரி கழற்றியிருக்கிறோம். எந்த ஊரில் நிற்கிறோம் என்று நினைத்துக் கழற்றினோம்? எந்த வருஷத்தில்? சட்டைப் பையைத் தடவினார். இல்லை. இது இன்றைக்குப் போட்ட சட்டை; நேற்றைய சட்டை கொடியில் கிடந்தது, ஓடிப்போய் உதறினார், பங்கில் கொடுத்த ரசீது ஒன்று விழுந்தது. டேஷ்போர்டுப் பெட்டியில் இல்லை. சீட்டுக்கு அடியில் இல்லை. துவைக்கிற கல் மேல், குழாயடியில், செம்புக்குள். ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு தேடின ஆள் கதையைச் சொல்லி ஸ்டாண்டில் எத்தனை பேரைக் கேலி செய்திருப்போம். குழலியோடு போகிறபோது மட்டும் அவளிடம் கொடுப்பது வழக்கம். சங்கரன்கோவில் ஆடித்தபசுக் கூட்டத்தில் மடியில் வைத்திருந்ததைத் தொலைத்துவிட்டு, ராத்திரி முழுக்கக் கோயில் வாசலில் அவளை உட்கார வைத்த பிறகு வந்த வழக்கம். எந்த ஊரில் வண்டியை நிறுத்தினாலும் கழற்றுவார், கந்தையில் துடைப்பார், நீட்டுவார், "இதைப் பிடி, குழலி" என்பார். அவள் முந்தானை முனையில் முடிந்துகொள்வாள். ஆனால் அவளிடம் கொடுத்திருந்தால் அவள் சொல்லியிருக்க மாட்டாளா? காலையிலிருந்து பக்கத்தில்தானே நிற்கிறாள், சாவியைக்கூடத் திருப்பினாளே. ஆக, அவளிடம் இல்லை. எங்கே வைத்தோம் என்பதும் இல்லை, எடுத்தோம் என்பதும் இல்லை. கோளாறு பிடிபட்டுவிட்டது. டாக்டர் வேண்டாம், சாவி வேண்டாம், மேஜை வேண்டாம், அவரே கண்டுபிடித்துவிட்டார். அழுகை வந்தது. குழாயடியில் நின்றுகொண்டு, அறுபது தாண்டிப் பல வருஷம் ஆன மனிதர், தொலைத்த பொருளைக் கேட்டு வீட்டில் அடிப்பார்களே என்று பயப்படுகிற பிள்ளை மாதிரி பயந்தார்.

"இந்தாங்க." குழலி எதிரே நின்றாள். முந்தானைச் சொருகலிலிருந்து கையை எடுத்து விரித்தாள். உள்ளங்கையில் ரோட்டர் இருந்தது. "நாந்தான் எடுத்தேன்" என்றாள். "நேத்து நீங்க இந்தப் பக்கம் வந்தப்ப எடுத்துட்டேன். அம்புட்டுத் தூரம் நீங்க ஓட்ட வேண்டாம்னுதான். ஏச்சு வாங்குவேன்னு தெரியும், அதான் காலைலருந்து வாயத் திறக்கல."

நெஞ்சிலிருந்து ஒரு கல் விழுந்தது. நான் இல்லை! நான் எடுக்கவில்லை, நான் மறக்கவில்லை, இவள் எடுத்திருக்கிறாள், களவாணி, கட்டின புருஷன் வண்டியில் கை வைத்திருக்கிறாள்! அவருக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன, சத்தம் போட வாயைத் திறந்தார், அப்போது அந்தக் கையைப் பார்த்தார். முட்டு முட்டாக வீங்கின விரல்கள். ரோட்டரைச் சுற்றி மடங்கக்கூட முடியாமல், ஏந்தின மாதிரி விரிந்தே இருந்தன. டப்பா மூடியைத் திறக்க முடியாத விரல். இவள் அந்தப் பானெட்டைத் தூக்கினாளா? அந்தக் கிளிப்பை அழுத்தினாளா, அதுவும் இரண்டு பக்கமும்? தன் பெருவிரல் நகக்கண்ணைப் பார்த்துக்கொண்டார். அப்புறம் அவள் முந்தானை முனையைப் பார்த்தார். முடிச்சுப் போட்டு அவிழ்த்த கசங்கல், அதில் கந்தையால் துடைத்தும் போகாத ஒரு சொட்டுக் கருப்பு. நேற்றைய சேலை இல்லை அது, இன்றைய சேலை. ராத்திரி அவிழ்த்து, காலையில் மறுபடி முடிந்து, சொல்வதா வேண்டாமா என்று வைத்துக்கொண்டே அலைந்திருக்கிறாள். பலாப்பழம் என்று நினைத்தார் பூதலிங்கம். இதுவும் பலாப்பழம்தான். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏச்சுக்குப் பயந்த முகம் இல்லை அது. இவர் நம்புவாரா, நம்ப வேண்டுமே என்று பயந்த முகம். இருக்கிற பொய்யெல்லாம் திரட்டி ஒன்றைச் சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தாள், அது நிற்குமா விழுமா என்பது இனி அவர் கையில் இருந்தது.

"அறிவு கெட்டவளே!" என்று கத்தினார். "எவன் வண்டில எவ கை வைக்கது? கரண்டு கிரண்டு அடிச்சுதுன்னா என்னளா செய்வ? காலைலருந்து ஒரு மனுசன் வெயில்ல கெடந்து சாகுதான், கல்லு மாதிரி நிக்க?" வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஏசினார். கொஞ்சம்கூடக் குறைக்கவில்லை, குறைத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் தலையைக் குனிந்துகொண்டு வாங்கினாள். குனிந்த முகத்தில் மூச்சு சீராகிக்கொண்டு வந்தது. அவருக்கு அவள் மேல் வந்த பிரியத்தில் ஏச்சு அத்தோடு நின்றது.

ரோட்டரை வாங்கித் தண்டில் மாட்டினார். மூடி, கிளிப், வயர், பிளக். உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். ஒரு பிசிறு இல்லை, சும்மா சொல்லக்கூடாது, நல்ல வண்டி. தெரு முனையில் மருமகன் காரின் ஹாரன் கேட்டது. இப்போது புறப்பட்டால் ஆலங்குளம் தாண்டும்வரைகூட ஒரு பிசகும் வராது. இடது பக்கத்துச் சீட்டில் அவள் வந்து உட்காருவாள், காத்து நல்லா வருது என்பாள், எங்கே கொண்டுபோய் நிறுத்தினாலும் நல்லதுதான் என்பாள். அதை நினைத்தபோது அவருக்குப் புளியரை மரங்கள் ஞாபகம் வந்தன. அவர் சாவியைத் திருப்பி அணைத்தார். இறங்கிப்போய் இரண்டு கிளிப்பையும் அழுத்தி, ரோட்டரைக் கழற்றி, கந்தையில் நன்றாகத் துடைத்தார். படியில் நின்றவளிடம் கொண்டுபோய் நீட்டினார்.

"இதைப் பிடி, குழலி."

அவள் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள். அவர் குழாயடிக்குப் போனார். வண்டியை நிறுத்தினோம். ரோட்டரைக் கழற்றிக் குழலியிடம் கொடுத்தோம். கால் கழுவினோம். பள்ளிக்கூடத்துப் பாடம் மாதிரி அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, துண்டால் காலைத் துடைத்துவிட்டு, மருமகன் திறந்து பிடித்த கதவு வழியாக அவருடைய காரின் பின் சீட்டில் ஏறிக் குழலியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.